ஒட்டுக் கேட்கும் பெட்டி

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வு வேளையில் போலீஸாரும் தீயணைக்கும் படையினரும் ரேடியோவில் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்று அவருக்கு ஆசை உண்டாகியிருக்கிறதாம். அதற்கென்றே ‘ஸ்கானர்’ என்னும் பெட்டிகள் விற்கிறார்கள். ஒன்று நூறு டாலரைச் சற்றுத் தாண்டுகிறது. ‘டிஜிட்டல்’ என்று பட்டம் சூட்டிய மற்றொன்று எழுநூறு டாலர் வரையில் போகிறது. “எதை வாங்கலாம்?” என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் அவருடைய மனைவியார் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “எழுநூறு டாலர் கொடுத்துப் பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது நியாயந்தானா என்பதையும் தெரிவிக்கவும்.”

இரண்டில் அம்மாளின் கேள்வியே கடினமானது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் யோசனைப்படி, சுலபமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். சுலபம் என்றோமே தவிர, அதிலும் எழுநூறு டாலரைக் கிணற்றில் போடுவதற்கு வேண்டிய வழிகள் ஏராளமாக இருக்கின்றன.

இவ்விதம் கேட்கும் பழக்கம் அமெரிக்கர்களுக்குப் புதிதன்று. 1928-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் டெட்ராய்ட் நகரப் போலீஸார் தங்கள் மோட்டார் வண்டிகளுக்கு ரேடியோ மூலம் உத்தரவு அனுப்பத் தொடங்கினார்கள். வண்டியிலிருந்தவர் கேட்கலாமேயொழியப் பதில் பேச முடியாது. இருபுறமும் பேசக்கூடிய ஏற்பாடு 1933-ல் நியூ ஜெர்ஸி மாகாணத்துப் பேயோன் என்ற ஊரில் வந்தது. அந்த நாளில் போலீஸ் பேச்சானது பாட்டும் நாடகமும் ஒலிபரப்பாகும் அலைகளுக்கு அண்டை வீட்டிலேயே குடியிருந்தது. ரேடியோவின் முள்ளைச் சற்று அதிகமாகத் திருப்பினால் திருடனைத் துரத்தும் உத்தரவு காதில் விழும். 1930-க்குப் பின் வந்த பல வீட்டு ரேடியோக்களின் முகப்பில் ‘போலீஸ்’ என்றே ஓர் இடத்தைக் குறித்து அச்சிட்டிருந்தார்கள். ‘வீஜீ’ என்ற புனைபெயரால் பிரசித்தி பெற்ற ஆர்தர் ஃபெல்லிக் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர், 1938-ல் நியூயார்க்கில் தம் மோட்டார் வண்டியிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். கொலை நடந்த இடத்துக்குச் சில சமயங்களில் போலீஸாருக்கு முன்பாகவே அவர் போய்ச் சேர்ந்துவிடுவாராம்.

பிற்பாடு போலீஸார் உயர்ந்த அதிர்வெண்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு பிறந்ததுதான் ஸ்கானர். பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் துழாவிக்கொண்டே போய், எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நின்று கேட்பிக்கும். பேச்சு ஓய்ந்ததும் மறுபடி துழாவத் தொடங்கும். ஆதி ஸ்கானர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத் துண்டு வாங்கிப் பொருத்த வேண்டும். எட்டுப் படிகம் இருந்தால் எட்டு இடம் கேட்கலாம். அந்தத் தொல்லை ஒழிந்து வெகு காலமாயிற்று. அதன் இடத்தில் வேறு தொல்லைகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, ‘ட்ரங்கிங்’ என்பது. ரயில்வே ஸ்டேஷனில் பத்து டிக்கெட் ஜன்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்கு ஒரு ஜன்னல், மதுரைக்கு ஒரு ஜன்னல் என்று பிரித்துவிட்டால், மதுரை ஜன்னலில் கூட்டம் நெரியும்போது திருச்சி ஜன்னலில் குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எந்த ஜன்னல் காலியோ அங்கே அனுப்பினால் வேலை விரைவில் ஆகும். பெரிய ஊர்களின் ரேடியோ ஏற்பாடு இந்த இரண்டாவது ரகம். போலீஸுக்கென்றோ குப்பை வண்டிக்கென்றோ தனி அலைவரிசை கிடையாது. ஒவ்வொரு பேச்சுக்கும் அந்த நிமிஷத்தில் காலியாயிருக்கும் அலைவரிசையை ஒரு கம்ப்யூட்டர் ஒதுக்கிக் கொடுக்கிறது. ‘இன்ன குழு இன்ன அலைவரிசைக்குப் போகட்டும்’ என்று கட்டியம் கூறுவதற்காக ஓர் அலைவரிசை இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டியத்தைப் படித்துப் பின்தொடரத் தெரியாத பெட்டிக்கு, ஒரு சம்பாஷணையின் முதல் வாக்கியமும் வேறொன்றின் இரண்டாம் வாக்கியமுமாகத்தான் கிடைக்கும்.

இரண்டாவது, குரலையே எண்களாக்கி அனுப்பும் டிஜிட்டல் முறை. அமெரிக்கப் போலீஸாரிடம் பெரும்பாலும் வழங்குவது ‘ப்ராஜெக்ட் 25’ என்ற ஏற்பாடு. 1989-ல் இதற்கான வேலை தொடங்கியது. இதன் முதற்கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பேச்சு போகும். இரண்டாம் கட்டத்தில் காலத்தைத் துண்டுபோட்டு அதே அகலத்தில் இரண்டு பேச்சுகளை அனுப்பிவிடுகிறார்கள். முதற்கட்டம் மட்டுமே தெரிந்த பழைய டிஜிட்டல் பெட்டிகள் மலிவாகக் கைமாறுகின்றன. இரண்டாம் கட்டம் வந்துவிட்ட ஊரில் அவற்றை மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிகளும் ஓட்டல்களும் கையாளும் ‘டி.எம்.ஆர்.’, ‘என்.எக்ஸ்.டி.என்.’ என்ற வேறு பாஷைகளும் உண்டு. சில பெட்டிகளில் இவற்றைக் கேட்பதற்குத் தனியாகப் பணம் கட்டித் திறந்துகொள்ள வேண்டும். விலை விசாரிக்கும்போது இதையும் கூட்டிப் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது தொல்லையைத்தான் கடைக்காரர் சொல்வதில்லை. ‘ஸைமல்காஸ்ட்’ என்பது அதன் பெயர். ஒரு கௌண்டி முழுவதற்கும் பேச்சு எட்ட வேண்டுமென்று, பல கோபுரங்களிலிருந்து ஒரே செய்தியை ஒரே அலைவரிசையில் ஒரே கணத்தில் அனுப்புகிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் தெருவின் இரண்டு கோடியிலும் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்களே, நடுத்தெருவில் நிற்பவன் கதி என்ன? ஒரு குரல் முன்னும் ஒரு குரல் பின்னுமாக வந்து மோதி, பாகவதர் என்ன பாடுகிறார் என்றே விளங்குவதில்லை. ரேடியோப் பெட்டியின் கதியும் அதுவேதான். மனிதக் காது ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். எண்களை நம்பியிருக்கும் பெட்டியோ எண் தவறினால் திணறி வாயை மூடிக்கொண்டுவிடும். அலையின் பலத்தைக் காட்டும் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்க, பேச்சு மட்டும் வராது. “இன்னும் உயரமாக ஏரியல் கட்டு” என்று நண்பர்கள் சொல்வார்கள். அவ்விதம் கட்டினால் இன்னும் நாலு கோபுரங்களின் அலை வந்து சேர்ந்து குழப்பம் அதிகமாகும்! ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கித் திருப்பிய ஏரியல் சில இடங்களில் உதவுகிறது.

இந்த நோய்க்கு மருந்தாக 2018-ல் யூனிடன் கம்பெனியார் ‘எஸ்.டி.எஸ். 100’ என்ற கைப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். மேஜை மேல் வைக்கும் ‘எஸ்.டி.எஸ். 200’ அடுத்த வருஷம் வந்தது. உள்ளே அலையைப் பிரித்தெடுக்கும் முறையையே இவற்றில் மாற்றியிருக்கிறார்கள். எழுநூறு டாலர் விலை பெரும்பாலும் இதற்காகத்தான். ஸைமல்காஸ்ட் உள்ள ஊரில் இந்த விலைக்கு நியாயமுண்டு. இல்லாத ஊரில், அதே கம்பெனியின் ‘பி.சி.டி. 436 எச்.பி.’, விஸ்லர் கம்பெனியின் ‘டி.ஆர்.எக்ஸ். 1’ போன்ற சற்று முந்தைய பெட்டிகள் குறைந்த விலைக்கு அதே வேலையைச் செய்துவிடும்.

இத்தனையும் எழுதிவிட்டு, நான்காவது ஒன்றைச் சொல்லாவிட்டால் இவ்வளவும் வீண். அதுதான் சங்கேதப் பூட்டு, ‘என்கிரிப்ஷன்’ என்கிறார்கள். பேச்சை எண்களாக்கியபின், அந்த எண்களைச் சாவியில்லாதவருக்குப் பொருள் விளங்காதபடி கலைத்து அனுப்புவது வெகு சுலபம். பூட்டிய பேச்சைத் திறக்கும் ஸ்கானர் எந்தக் கடையிலும் கிடையாது. அதைத் திறக்க முயல்வதும் சட்ட விரோதம். ‘எல்லா டிஜிட்டல் முறைகளையும் கேட்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர், வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருகினால் மௌனம்தான் கேட்கும். எழுநூறு டாலர் பெட்டியின் மௌனம் நூறு டாலர் பெட்டியின் மௌனத்தைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததன்று.

வருஷத்துக்கு வருஷம் இந்தப் பூட்டு பரவி வருகிறது. 2020-ம் வருஷம் அக்டோபரில் காலிபோர்னியா நீதி இலாகா, தனி நபர்களின் விவரங்கள் ரேடியோவில் எல்லோர் காதிலும் விழாதபடி காக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விட்டது. அதன்மேல் அந்த மாகாணத்துப் பல ஊர்கள் பூட்டிக்கொண்டன. சிக்காகோ போலீஸார் பூட்டிவிட்டுப் பொதுஜனங்களுக்கு அரை மணி நேரம் கழித்துக் கேட்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நியூயார்க் போலீஸார் 2023-ல் பூட்டத் தொடங்கினார்கள். வீஜீ இன்றிருந்தால் காமிராவை விற்றுவிட்டு வேறு தொழில் பார்த்திருப்பார். ஆனால் பாலோ ஆல்ட்டோ என்னும் காலிபோர்னியா ஊரில் 2021 ஜனவரியில் போட்ட பூட்டை 2022 செப்டம்பரில் கழற்றிவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி முதலிய விவரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. பூட்டாமலும் வேலை நடக்கும் என்பதற்கு இது பிரத்தியட்சமான அத்தாட்சி.

ஆகையால் பெட்டியைப் பற்றி விசாரிக்குமுன் ஊரைப் பற்றி விசாரிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ‘ரேடியோ ரெஃபரென்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவின் ஒவ்வொரு கௌண்டியிலும் யார் எந்த முறையில் பேசுகிறார்கள் என்ற பட்டியலை, கேட்கும் அன்பர்களே திரட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பேச்சுக் குழுவுக்கும் எதிரே ஆங்கில எழுத்தால் குறி போட்டிருக்கும். ‘டி’ என்றால் முதற்கட்ட டிஜிட்டல் பேச்சு. ‘ட்டீ’ என்று நாம் ஊதும் ‘டீ’யின் முதலெழுத்து இருந்தால் காலத்தைத் துண்டுபோடும் இரண்டாம் கட்டம். பக்கத்தில் பெரிய ‘ஈ’ எழுத்து இருந்தால் முழுவதும் பூட்டு. சிறிய ‘ஈ’ இருந்தால் அவ்வப்போது பூட்டு. கோபுரங்களின் பட்டியலில் ஸைமல்காஸ்ட் என்ற சொல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் தேர்வில் முக்கால்வாசி இந்தப் பட்டியலின் முன் உட்காரும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

நமது ஓஹையோ நண்பருக்கு ஒரு விசேஷத் தகவல். அந்த மாகாணம் தழுவிய ரேடியோ அமைப்புக்கு ‘மார்க்ஸ்’ என்று பெயர். (தாடிக்கார மார்க்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள்.) அது ப்ராஜெக்ட் 25 முறையைச் சேர்ந்தது; 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்குகிறது. அவர் குறிப்பிட்டிருக்கும் நூறு டாலர்ப் பெட்டி, யூனிடன் ‘பி.சி. 125 ஏ.டி.’ போன்றதாயிருந்தால், 512 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குக் காதே கிடையாது. டிஜிட்டலும் தெரியாது, ட்ரங்கிங்கும் தெரியாது. எனவே அவருடைய கௌண்டி அந்த அமைப்பில் சேர்ந்திருந்தால், அங்குள்ள போலீஸ் பேச்சு அந்தப் பெட்டிக்கு எட்டாது.

அதனால் அந்தச் சிறு பெட்டியை இகழ வேண்டியதில்லை. ஆகாய விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையில் இன்றும் பழைய ஏ.எம். முறையிலேயே பேசுகின்றன. இதற்கு நல்ல காரணமுண்டு. இரண்டு விமானிகள் ஒரே சமயத்தில் பேசினால், எஃப்.எம். முறையில் பலமான குரல் மற்றதை முழுவதும் அமுக்கிவிடும். ஏ.எம். முறையில் இரண்டும் ஒரு கீச்சொலியோடு கலந்து கேட்பதால், வேறொருவரும் பேச முயன்றார் என்பது தரையிலிருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ரயில் ஓட்டுபவர்களின் பேச்சும் பெரும்பாலும் பூட்டின்றியே கிடைக்கிறது. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள ஏழு அலைவரிசைகளில் சர்க்காரின் வானிலை அறிவிப்பு இரவு பகலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. சூறாவளி சுழன்றடிக்கும் ஓஹையோவில் இது விளையாட்டு விஷயமன்று. இவற்றை எல்லாம் கேட்க எழுநூறு டாலர் தேவையேயில்லை. கேட்கும் பொழுதுபோக்கில் நிலைத்து நிற்பவர்களில் பலர், போலீஸுக்காக வாங்கி விமானத்துக்காக வைத்துக்கொண்டவர்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் நண்பரைப்போல் கம்ப்யூட்டரோடு பழகியவருக்கு இதையே முதலில் சிபாரிசு செய்வோம். டெலிவிஷன் பார்ப்பதற்கென்று செய்த ஒரு கட்டைவிரல் அளவுக் கருவி, ரேடியோ அலைகளை அப்படியே எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குள் கொட்டக்கூடியது என்பதை 2012-ல் சில கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ‘ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர்.’ என்று அதற்குப் பெயர். விலை முப்பது நாற்பது டாலர். ‘எஸ்.டி.ஆர். ட்ரங்க்’ போன்ற இலவசமான கம்ப்யூட்டர் ஏற்பாடுகள், ட்ரங்கிங்கையும் ப்ராஜெக்ட் 25-இன் இரண்டு கட்டங்களையும் பின்தொடர்ந்து காட்டிவிடுகின்றன. மேஜையை விட்டு நகர முடியாது. அமைப்பதற்கு ஓரிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பலியாகும். பூட்டை இதுவும் திறக்காது. ஆனால் தம் வீட்டுக் கூடத்தில் உண்மையாக எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும். மூன்று மாதம் அப்படிக் கேட்டபின்னும் ஆசை தணியாமலிருந்து, ஊரும் பூட்டாமலிருந்தால், அப்போது எஸ்.டி.எஸ். 100-ஐ வாங்கட்டும். “இந்த வருஷம் பூட்டப்போகிறோம்” என்று நகரசபை பேசிக்கொண்டிருக்கும் ஊரில் அதை வாங்குவது, இடிக்கப்போகும் வீட்டுக்கு வர்ணம் அடிப்பதற்குச் சமானம்.

இனி, அம்மாளின் கேள்வி.

போலீஸ் பேச்சு ஒரு தனி மனிதரின் அந்தரங்கக் கடிதம் ஆகாது. ஜனங்களின் வரிப்பணத்தில், ஜனங்களுக்குச் சொந்தமான ஆகாயத்தில், ஜனங்களின் ஊழியர்கள் பேசுகிறார்கள். தெருவில் எட்டு வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டு போனால், என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் குடியிருப்பவருக்குப் பாத்தியதை உண்டு என்பதே நம் அபிப்பிராயம். அமெரிக்கச் சட்டமும், பொதுஜனங்களுக்குத் திறந்திருக்கும் போலீஸ், தீயணைப்புப் பேச்சுக்களைக் கேட்பதைக் குற்றமாக்கவில்லை. ஆனால் டெலிபோன் பேச்சு வேறு. 1986-ம் வருஷச் சட்டம் செல்லுலார் டெலிபோனை ஒட்டுக் கேட்பதைத் தடுத்தது. 1994 முதல் அந்த அதிர்வெண்களைக் கேட்கக்கூடிய ஸ்கானர்களைச் செய்வதும் இறக்குமதி செய்வதும் நின்றுபோயின.

இதற்குப் பின்னும் ஒரு வேடிக்கை நடந்தது. 1996-ம் வருஷம் டிசம்பரில், பிரதிநிதி சபைத் தலைவரான நியூட் கிங்ரிச் தம் கட்சிக்காரர்களோடு டெலிபோனில் ஆலோசனை நடத்தினார். அவர்களில் ஒருவரான ஜான் போனர் அச்சமயம் ஃப்ளாரிடாவில் மோட்டார் வண்டியிலிருந்து செல்லுலார் டெலிபோனில் பேசினார். அந்தப் பக்கமாக வண்டியில் சென்ற ஒரு தம்பதியின் ஸ்கானரில் அது அகப்பட்டது. கேட்டதோடு நில்லாமல் நாடாவில் பதிவு செய்து எதிர்க்கட்சிக்காரரிடம் சேர்த்துவிட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது, நாடே அமர்க்களப்பட்டது. அந்தத் தம்பதி 1997-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு ஐந்நூறு டாலர் அபராதம் செலுத்தினார்கள். நாடா கைமாறியதைப் பற்றி இரண்டு சட்டசபைக்காரர்களுக்குள் நடந்த வழக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது.

போலீஸ் பேச்சிலும் அம்மாள் அஞ்சுவதற்கு இடமில்லாமல் இல்லை. ஸ்கானரில் வருகிறவை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வாழ்நாளிலேயே மிகக் கெட்ட நாளின் செய்திகள். இன்ன வீதி, இன்ன எண் வீட்டில், கிழவர் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறார். இன்ன வீட்டில் கணவன் மனைவியை அடிக்கிறான். இதைக் கேட்டவர் மறுநாள் காலையில் அண்டை வீட்டாரிடம் சொன்னால், அவர் செய்வது கோள். அதைத் தம் லாபத்துக்கு உபயோகித்தால் 1934-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் அகப்பட்டுக்கொள்ளவும் கூடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் காதில் செருகும் கருவியோடு கேட்பதே சிலாக்கியம். அம்மாள் இந்த இரண்டு நிபந்தனைகளைக் கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுமதி கொடுக்கலாம். கிடைத்தால் விமானப் பேச்சைத் தாமும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கட்டும்.

வண்டியில் வைத்துக் கேட்பதில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் மாறுகிறது. நியூயார்க்கில் அனுமதியில்லாமல் மோட்டார் வண்டியில் போலீஸ் அலைகளைக் கேட்கும் கருவி வைத்திருப்பது குற்றம். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்துக்கு மாற்றலாகிப் போகிறவர் பெட்டியைச் சுமந்து போவதில் பிரயோஜனமில்லை. அங்கே போலீஸார் ‘டெட்ரா’ என்ற வேறு முறையில், பூட்டுப் போட்டுப் பேசுகிறார்கள். தமக்கென்று வராத செய்தியைக் கேட்பதே 2006-ம் வருஷச் சட்டப்படி குற்றம்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது, “தம்பிக்கு விளையாட” என்று பெட்டியைச் சூட்கேஸில் போட்டு எடுத்து வருகிற எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். இந்தியாவில் 1933-ம் வருஷத்துச் சட்டம் முதற்கொண்டே, கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பதற்கே அனுமதி கேட்கும் வழக்கம் இருந்து வருகிறது. 2023-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் அந்தப் போக்கையே பின்பற்றுகிறது. பாட்டுக் கேட்கும் ரேடியோ வேறு, இது வேறு என்பது சுங்கச் சாவடி உத்தியோகஸ்தருக்கு நன்றாகத் தெரியும். தம்பிக்கு உண்மையிலேயே ரேடியோவில் ஆசையிருந்தால், அமெச்சூர் ரேடியோப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி ஒரு புஸ்தகம் வாங்கி வரட்டும்.